பென்குயினை இறக்கிவிட்டுப் புலுனியை ஏற்றுவோம்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒட்டுசுட்டான் பக்கத்து முன்பள்ளி ஒன்றின் சுவரைப் பற்றி எழுதியிருந்தேன். பென்குயின், மக்கோ கிளி, தீக்கோழி, அன்னம் எல்லாம் வரிசையாக நின்றன. பின்வேலியில் நின்று கத்தித் தீர்த்த புலுனிக்கு, அதுதான் தவிட்டுக்குருவிக்கு, மட்டும் அந்தச் சுவரில் இடமில்லை. எங்கள் குளத்துப் பறவைகளை எங்கள் பிள்ளைகள் கீற வேண்டும், அவற்றைப் பற்றித் தெரிந்த ஊர்ச்சனத்திடம் கேட்டு எழுத வேண்டும் என்றும் நாலு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பற்றித்தான். சுவர்ப் பெயின்ற் உரிவதைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீச்சர், எங்கள் முன்பள்ளிச் சுவரிலும் பென்குயின்தான் நிற்கிறது. மாற்றிக் கீற ஆசை. எந்தப் பறவைகளில் தொடங்கலாம்? படங்களைப் போனில் எடுத்துப் பார்த்துக் கீறினால் போதும்தானே? — முன்பள்ளி ஆசிரியை, துணுக்காய்

பதில்: போதாது தங்கச்சி. போனில் வரும் படம் வடிவில்லை என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் வேறு ஊர்ப் பறவையாக இருக்கும், அதுதான் சங்கடம்.

புலுனியையே எடுப்போம். வடமாகாணத்தின் பறவை என்று அறிவிக்கப்பட்டது அதுதான், ஆகவே அதில் தொடங்குவதே முறை. தேடினால் வருவது அநேகமாகத் தென்னிந்தியாவில் எடுத்த படம். அங்குள்ள புலுனிக்கு உச்சந்தலை வெளிறி வெள்ளையாகத் தெரியும், முதுகு கடும் நிறம். எங்கள் தீவில் இருப்பது தலையிலிருந்து வால்வரை ஒரே மங்கல் சாம்பல். சொண்டு மஞ்சள், கண் வெளிறிய நீலம். அந்தக் கண்ணைக் கறுப்பாக்கினால் ஒரு நல்ல பிள்ளையின் முகம் வந்துவிடும். புலுனிக்கு நல்ல பிள்ளையின் முகம் கிடையாது, எந்நேரமும் யாரோடோ கோபம்.

மரங்கொத்தி இன்னும் விசேஷம். தெற்கே போனால் முதுகு நல்ல சிவப்பு. கொழும்பில் அச்சடித்த படங்களில் நாம் காண்பது அதுதான். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் உள்ளதற்குப் பொன்மஞ்சள் முதுகு. இரண்டும் சந்திக்கிற நடுப்பகுதியில் கலந்து, செம்மஞ்சளாகவும் இரண்டுங்கெட்டானாகவும் வரும். துணுக்காயில் உங்கள் பள்ளிக்கூட வேம்பில் வந்து கொத்துகிறதன் முதுகு என்ன நிறம்? எனக்குத் தெரியாது, போனுக்கும் தெரியாது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் அண்ணாந்து பார்க்கவைத்தால் உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை மஞ்சள் என்றும் இன்னொன்று சிவப்பு என்றும் சண்டை பிடித்தால் விட்டுவிடுங்கள். நாளைக்கும் பார்க்கப் போவார்கள்.

காட்டுக்கோழிச் சேவலைத் தேடினால் இந்தியாவின் செங்காட்டுச் சேவல் முன்னால் வந்து நிற்கும். எங்களுடையது இந்தத் தீவைவிட வேறெங்கும் இல்லாத இனம். சேவலின் கொண்டைப்பூவைப் பாருங்கள், ஓரம் சிவப்பு, நடுவில் ஒரு மஞ்சள் திட்டு. அந்த மஞ்சளை விட்டுவிட்டால் நீங்கள் கீறியது பக்கத்து நாட்டுச் சேவல். நெஞ்சும் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். நாட்டின் தேசியப் பறவையையே பிழையாகக் கீறிய சுவர்கள் எத்தனையோ.

இந்த மூன்றோடு ஆட்காட்டியும் செண்பகமும் சேர்த்து ஐந்து. முதல் வருஷத்துக்கு அது காணும். செண்பகத்துக்குக் கண் இரத்தச் சிவப்பு. பின்விரல் நகம் ஒன்று மட்டும் நீண்டு நேராக நிற்கும், அதைக் கீறாமல் விட்டால் செட்டை பழுப்பான காகம் ஒன்றுதான் மிஞ்சும்.

கேள்வி: கொக்கின் முழங்கால் ஏன் பின்பக்கமாக மடங்குது? நான் கீறினதைப் பார்த்து அண்ணா பிழை எண்டு சொல்றார். வெள்ளைக் கொக்கை வெள்ளைத் தாளில் எப்படிக் கீறுறது? — 7 ஆம் தர மாணவி, மல்லாவி

பதில்: உன் அண்ணா கெட்டிக்காரன்தான், ஆனால் இதில் நீதான் சரி. பின்பக்கம் மடங்குவது முழங்காலே இல்லை, அது குதிக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டி, இறகுக்குள் மறைந்திருக்கிறது. நீ எழும்பி நுனிக்காலில் நின்று பார். உன் குதி நிலத்தில் படாமல் பின்னால் உயர்ந்து நிற்கிறதல்லவா? கொக்கு ஆயுள் முழுக்க அப்படித்தான் நிற்கிறது. அண்ணாவையும் அப்படி நிற்கவை.

வெள்ளைக்கு வருவோம். கொக்கைக் கீறாதே, கொக்கைச் சுற்றி இருப்பதைக் கீறு. பின்னால் நிற்கும் பன்புல்லையும் சேற்றையும் தண்ணீரையும் நிறம் தீட்டிக்கொண்டு வா, கொக்கு இருக்கும் இடத்தைத் தாளாகவே விடு. வயிற்றின் அடியிலும் செட்டையின் மடிப்பிலும் மெல்லிய நீலச்சாம்பல் ஒரு கோடு. அவ்வளவுதான்.

இன்னொன்று. வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கில்லை. கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், சொண்டு கறுப்பு என்றால் அது சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் திரிவதற்குச் சொண்டு மஞ்சள், முட்டையிடும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் ஏறும். பறக்கும்போது கொக்கினம் கழுத்தை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு போகும். கழுத்தை நீட்டிப் பறக்கும் கொக்குகளைக் கலண்டரில் கண்டால் அதைக் கீறியவருக்கு என் அனுதாபங்கள்.

வயலில் நத்தைகொத்தி நாரையைக் கண்டால் சொண்டை உற்றுப் பார். வளர்ந்ததற்கு மேல்சொண்டும் கீழ்ச்சொண்டும் நடுவில் பொருந்தாது, இடைவெளியால் அந்தப் பக்கத்து வானம் தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கீறினாயென்றால் உன் விஞ்ஞான ரீச்சரும் சந்தோஷப்படுவா.

கேள்வி: அம்மா, நீங்கள் குருவிப் படம் கீறுங்கோ எண்டு எழுதுறியள். இங்கே மயில் வந்து கச்சானையும் பயறையும் கிளறித் தின்னுது. அதையும் வடிவாகக் கீறிச் சுவரில மாட்டுறதோ? — கமக்காரர், வவுனிக்குளம்

பதில்: ஐயா, கோபம் நியாயம். விதைத்தவனின் வயிற்றெரிச்சலைப் படம் கீறி ஆற்ற முடியாது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று குரங்கையும் பன்றியையும் மயிலையும் எண்ணச் சொல்லி அரசாங்கமே கேட்டதென்றால், உங்கள் பாடு உங்களோடு மட்டும் நிற்கவில்லை என்று தெரிகிறது. நரி குறைந்ததால்தான் மயில் பெருகியது என்று சொல்வாரும் உண்டு, காட்டை வெட்டித் திறந்த நிலமாக்கினதால் என்பாரும் உண்டு. எங்கள் பக்கம் இரண்டும் நடந்துதான் இருக்கிறது.

ஆனால் கீறத்தான் வேண்டும். வடிவுக்காக இல்லை. எந்த மாதம், எத்தனை, விதைத்து எத்தனையாம் நாள், காட்டோரமா வயல்நடுவா என்று உங்கள் பேரப்பிள்ளை படத்துக்குக் கீழே எழுதினால், அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வெறும் வாயால் கத்துவதைவிட அதற்குப் பெறுமதி கூட. பறவையைப் பற்றிய கல்வி என்றால் பறவையைப் புகழ்வது மட்டும் என்று யார் சொன்னது?

பேரப்பிள்ளைக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுங்கள். தோகை மயிலின் வால் இல்லை, வாலுக்கு மேலே முளைத்த இறகுகள். ஆண்மயில் விரித்தாடும்போது பின்பக்கம் போய்ப் பார்த்தால், தோகையைத் தாங்கி நிற்கும் கட்டையான பழுப்பு வால் தெரியும். நீங்கள் துரத்திக்கொண்டு ஓடும்போது தெரிவதும் அந்தப் பக்கம்தானே.

கேள்வி: பசிபிக் தீவுகளிலும் அமெரிக்கக் கண்டத்திலும் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு அவரவர் காட்டுப் பறவைகளையே கீறி, அவரவர் மொழியில் இயற்கைப் பாதுகாப்புப் பாடம் செய்கிறார்கள் என்று படித்தோம். இதை வன்னியில் செய்வது பொருந்துமா? நாங்கள் ஆதிக்குடிகளா? — கல்வியியற் கல்லூரி மாணவன், வவுனியா

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவோம். இந்தத் தீவில் ஆதிக்குடி என்று சொல்லப்படுவோர் வேடர். வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களின் பெயரை நாங்கள் இரவல் வாங்கத் தேவையில்லை. வேலை செய்யும் முறையைத் தாராளமாக வாங்கலாம்.

பப்புவா நியூகினியின் மலைநாட்டில் களாம் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இயன் சாயம் மஜ்னெப். சின்ன வயதிலிருந்தே காட்டோடு வளர்ந்து பறவைகளை அறிந்தவர். ரால்ஃப் பல்மர் என்ற மானிடவியலாளரோடு சேர்ந்து, தன் நாட்டுப் பறவைகளைப் பற்றி 1977 இல் ஒரு நூல் வெளியிட்டார். படங்களைக் கிறிஸ்தோபர் ஹீலி கீறினார். நான் கவனித்த சங்கதி இதுதான்: நூலாசிரியர்களில் மஜ்னெப்பின் பெயர் முதலாவது. அவர் சொன்னது ஓர் எழுத்துருவில், பல்மர் சேர்த்தது வேறோர் எழுத்துருவில். யார் எதைச் சொன்னார் என்பது குழம்பவில்லை.

இதை எங்கள் கதையோடு வைத்துப் பார். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தரின் ஆளுநராக இங்கே இருந்தவர் யோன் கிடியன் லோட்டன். பறவைப் பிரியர். அவருக்குப் படம் கீறிக் கொடுத்தவர் பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெரே, இங்கேயே பிறந்தவர். இலங்கைப் பறவைகளை நிறத்தோடு கீறிய முதல் ஆட்களில் ஒருவர். எங்கள் செவ்வரத்தையிலும் முருங்கைப் பூவிலும் நீண்டு வளைந்த சொண்டை விடுகிற கருநீலத் தேன்குருவிக்கு இன்றைக்கும் விஞ்ஞானப் பெயர் லோட்டனின் பெயரில்தான். டி பெவெரேயின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பறவைகளை அவருக்குப் பிடித்துக் கொடுத்தவர்கள், கூடு எங்கே என்று காட்டியவர்கள் யாரென்று தேடினாலும் கிடைக்காது. பிறகு 1891 இல் இங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் வேலை செய்த ஜி. எம். ஹென்றி வந்தார். தானே எழுதித் தானே கீறி 1955 இல் அவர் வெளியிட்ட பறவை வழிகாட்டியை நான் இன்றும் எடுத்துப் பார்ப்பேன், கோடு அவ்வளவு சுத்தம். ஆனால் ஆங்கிலத்தில்.

ஆகவே பொருந்துமா என்றால், எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2008, 2009 இல் வன்னிச்சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாம் மூடியது 2012 செப்டெம்பரில். அதற்கு முன்னாலும் எத்தனை இடப்பெயர்வு. தகப்பனோடு தேன் எடுக்கக் காட்டுக்குப் போக வேண்டிய வயதைத் தறப்பாளுக்குக் கீழே கழித்த பிள்ளைகள் இன்றைக்குத் தாய் தகப்பன். தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை. தெரிந்தவர்கள் எழுபது கடந்தவர்கள். அவர்கள் யாரும் கேட்காமல் தாங்களாக வாய் திறப்பதில்லை.

படத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வெறும் கையோடு போய் "அப்பு, பறவைகளைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் "அதில என்ன கிடக்கு சொல்ல" என்பார். பிள்ளை கீறிய படத்தைக் கையில் கொடுத்தால் பிழை பிடிப்பார். பிழை பிடிக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது.

முத்தையன்கட்டுப் பக்கம் நடந்த ஒன்று. தாமரை இலையில் நடந்து திரியும் நீண்ட வால்க்கோழியை ஒரு பிள்ளை வடிவாகக் கீறியிருந்தாள். விரல்கள் நீளம், கழுத்தின் பின்பக்கம் பொன்மஞ்சள், வால் அரிவாளாக வளைந்து, கீழே நாலு முட்டை. "அம்மாக்கோழி அடைகாக்கிறது" என்று எழுதியும் வைத்தாள். குளத்தில் தாமரைக்கிழங்கு கிண்டும் அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினோம். அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். "வால் சரி. முட்டையும் சரி. ஆனா இது தாயில்லைப் பிள்ளை, தேப்பன்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "போடுறது பெரிசு. போட்டிட்டு அது வேற எங்கயோ போயிடும். இருந்து காக்கிறது சின்னன். குஞ்சையும் அதுதான் கூட்டிக்கொண்டு திரியும். மாரி முடிஞ்சு வால் விழுந்தாப்பிறகு வாருங்கோ, ஆளை மட்டுக்கட்டமாட்டியள்."

ஆராய்ச்சியாளர் சொல்வதும் அதேதான். அந்த இனத்தில் பேடு பெரியது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். நீண்ட வாலும் முட்டைக் காலத்துக்கு மட்டும்தான். அந்த அக்கா பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றது மிச்சக் காலம் முழுதும்.

பிள்ளை "அம்மா"வை வெட்டி "அப்பா" என்று எழுதினாள். படத்தின் பின்பக்கத்தில் அக்காவின் பெயரையும் அவர் சொன்னதைச் சொன்னபடியும் எழுதினோம். "தேப்பன்" என்பதை "தந்தை" என்று திருத்தவில்லை. நீ ஆசிரியனாக வந்த பிறகு திருத்தக் கை துருதுருக்கும், அடக்கிக்கொள்.

கேள்வி: பெரியவர்கள் சொல்வதில் பாதி மூடநம்பிக்கை. ஆந்தை கத்தினால் சாவு என்பார்கள். அதையும் பிள்ளைகள் எழுதுவதா? — விஞ்ஞான ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: எழுதட்டும் சேர். எழுதி, பக்கத்தில் ஒரு வெற்று நிரல் விடட்டும்.

ஆட்காட்டி குளக்கட்டின் மேட்டில் முட்டையிட்டால் மாரி பலக்கும், அலைகரையில் தாழ்வாக இட்டால் மழை குறைவு என்று என்னிடம் ஒரு வாய்க்கால்காரர் சொன்னார். அவர் சொன்னது சரியா பிழையா என்று நானும் தீர்ப்புச் சொல்லவில்லை. முட்டை எங்கே இருந்தது என்று பிள்ளைகள் படத்தில் குறிக்கட்டும். அந்த மாரியில் குளம் வான் பாய்ந்ததா இல்லையா என்று பிறகு வெற்று நிரலில் எழுதட்டும். நாலைந்து வருஷம் போனால் உங்கள் வகுப்புக்கு இதைவிட நல்ல ஒப்படை கிடைக்காது.

ஆந்தைக்கு மட்டும் நான் அவ்வளவு பொறுமை காட்டமாட்டேன். அந்த நம்பிக்கையால் கல்லெறி வாங்கிச் சாகும் பறவை அது. ஒரு கூகை இருக்கும் மரத்துக்குக் கீழே போய் அது கக்கிய உருண்டையைக் குச்சியால் பிரித்துக் காட்டுங்கள். எலியின் மயிரும் பல்லும் மண்டையோடும் முழுசாக வரும். பிள்ளைகள் அதைக் கீறட்டும், எலி எத்தனை என்று எண்ணட்டும். நெல் மூட்டை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் சாவுக் கதை தானாக நிற்கும்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. எந்நேரமும் கையில் கெற்றப்போல். கொண்டைக்குருவி, புறா ஒன்றும் தப்புவதில்லை. பென்சிலைக் கொடுத்தால் திருந்துவானா? — தாய், முள்ளியவளை

பதில்: உடனே திருந்தமாட்டான், பிள்ளை. ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது நல்ல சரக்கு. குறி வைக்கிறவனுக்குப் பறவை எந்தக் கொப்பில் இருக்கும், எப்போது தலையைத் திருப்பும், எந்தச் சத்தத்துக்கு எழும்பும் என்பதெல்லாம் அத்துபடி. வகுப்பில் முதலாம் பிள்ளைக்கு அதில் ஒன்றும் தெரியாது. என்னிடம் படித்தவர்களில் பறவையின் நிலையை, அதாவது உடம்பு எந்தச் சரிவில் நிற்கிறது என்பதை, முதல் கோட்டிலேயே பிடித்தவர்கள் கெற்றப்போல்காரர்கள்தான்.

பறித்து அடுப்பில் போடாதீர்கள், இன்னொன்று செய்வான். படம் கீறும் மற்றப் பிள்ளைகளோடு அவனை வழிகாட்டியாக அனுப்புங்கள். "எங்கே இருக்கும் என்று நீ காட்டு, அவை கீறட்டும்" என்று சொல்லுங்கள். அவன் கல்லெறிந்தால் பறவை பறந்துவிடும், கூட வந்தவர்கள் அவனைப் பேசுவார்கள். தாய் பேசுவதைவிடக் கூட்டாளி பேசுவது உறைக்கும்.

கேள்வி: நல்ல வாட்டர் கலர்ப் பெட்டி விலை எட்டாத தூரத்தில் இருக்கிறது. குறைந்த செலவில் என்ன வாங்கலாம்? — தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: 2பி பென்சில் ஒன்று, கோடில்லாத கொப்பி ஒன்று. நிறம் வாங்குவதென்றால் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று மட்டும். மூன்றையும் கலந்தால் பழுப்பும் சாம்பலும் வரும், வன்னிப் பறவைகளில் முக்கால்வாசி அந்த இரண்டுக்குள் அடங்கும். கறுப்பு வாங்கவே வேண்டாம். காகத்தைக் கூட நீலத்தில் பழுப்பைக் கலந்து கீறினால்தான் வெயிலில் மினுங்கும். மீன்கொத்தியின் நீலம் மட்டும் எந்தப் பெட்டியிலும் சரியாக வராது. அது சாயமில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். ஆகவே விலை கூடிய பெட்டி வைத்திருப்பவருக்கும் உங்கள் மகனுக்கும் அந்த இடத்தில் ஒரே பாடுதான்.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே, எப்போது போகலாம்? — அதிபர், மாங்குளம் பகுதி

பதில்: சேர், முதலில் எங்கே போகக்கூடாது என்பது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை, சிவப்புக் கட்டை, நாடா எது இருந்தாலும் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் வெடி அகற்றும் வேலை முடிந்தபாடில்லை. பலகை இல்லாத இடத்திலும் சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். ஒரு குருவி பற்றைக்குள் போய்விட்டால் போகட்டும், கொப்பியில் பாதிப் படத்தோடு திரும்பி வாருங்கள். பின்னேரம் குளக்கட்டில் யானை வரும் ஊரென்றால் காலையில் மட்டும்.

அப்படிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு மிக நல்ல இடம் பள்ளிக்கூட வளவும் பக்கத்துச் சின்னக் குளமும்தான். வருஷத்தில் ஒருதரம் பஸ் பிடிக்க வசதி வந்தால், ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைக்குள் போங்கள். கொக்கிளாய்க் களப்பு, சுண்டிக்குளம், மன்னாரில் வங்காலை எல்லாம் அப்போது நிறைந்திருக்கும். ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் மத்திய ஆசியாவுக்கும் அப்பாலிருந்து வந்து இறங்கும். வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக உடன்படிக்கை ஒன்றின் பட்டியலில் ஏறிய ஈரநிலம், மன்னார்ப் பிள்ளைகளிலேயே பலருக்கு அது தெரியாது. அதே காலத்தில் உங்கள் பள்ளிக்கூடப் பற்றைக்குள்ளேயும் ஒரு விருந்தாளி வருவார். வால் கட்டை, முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு, விடியற்புறமும் பொழுது படும்போதும் இரண்டு சீழ்க்கை. ஆறுமணிக்குருவி. அதற்குப் பஸ் தேவையில்லை, ஆறு மணிக்கு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கூட்டுக்குள் முட்டையும் குஞ்சும் இருக்கும்போது பக்கத்தில் போய்க் கீறலாமா? — மாணவன், நெடுங்கேணி

பதில்: கூடாது. நீ போன தடத்தில் காகமும் கீரியும் பாம்பும் வரும். தூரத்தில் நின்று கீறு, குஞ்சு பறந்த பிறகு வெறுங்கூட்டைக் கிட்டப் போய்க் கீறு. தூக்கணாங்குருவிக்கூடு ஒன்று விழுந்து கிடந்தால் அதன் முடிச்சுகளைக் கீறவே ஒரு கிழமை தேவைப்படும்.

கேள்வி: நாங்கள் கீறிய படங்களை உங்களுக்கு அனுப்பலாமா? பரிசு உண்டா? — மாணவிகள், அக்கராயன்

பதில்: அனுப்புங்கள். பரிசு கிடையாது. முதலாமிடம் என்று ஒன்று வைத்தால் அடுத்த மாதமே எல்லாரும் மயிலைத்தான் கீறுவீர்கள். படத்தைப் பார்த்து எனக்குப் பட்டதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அனுப்பமுதல் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து, பறவையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரின் வீட்டில் கொடுத்துவிடுங்கள், முதல் பிரதி அவருக்கு. மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள். பின்பக்கத்தில் இடம், திகதி, சொன்னவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் வந்தால் பார்க்காமலே திருப்புவேன். அந்த முத்திரைச் செலவு உங்கள் கணக்கு.